சித்தப்பா இறைத்த குடம்

"...வீடு வாசல், மாடு கண்ணு எல்லாம் திருப்திதானுங்க. ஆனா எம்புள்ள காலத்துக்கும் பொழங்கப்போற தண்ணி பாருங்க, உங்க கெணத்துல ஒரு வாய் குடிச்சுப்போட்டுத்தான் மத்த பேச்சுங்க" என்றார் நெய்க்காரப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்த பெண்ணின் அப்பா.

மாப்பிள்ளை எங்கள் சித்தப்பா. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். தொட்டுவிட்டால் சம்மதம். ஆனால் எங்கள் கிணற்றைப் பார்த்தபிறகு சம்மதித்தவர் யாரும் கிடையாது. சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள். தோல் ஊறப்போட்ட உப்பும் குரோமியமும் பூமிக்குள் இறங்கி, கிணறு மஞ்சளாகிக் கிடந்தது. இன்றும் அப்படித்தான் கிடக்கிறது. அதில் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனால், எங்கே மஞ்சள்நீர் விளையாடினீர்கள் என்று கேட்பார்கள். குடிக்கிற தண்ணீரைச் சித்தப்பாதான் சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். அவருக்குப் பேசிய இடமெல்லாம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவை. இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே அன்று காலையிலேயே சித்தப்பா ஒரு காரியம் செய்திருந்தார். ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கயிற்றில் கட்டி, உருளைக்கு நேர் கீழே, கிணற்றுக்குள் இருந்த படிக்கல்லில் உட்கார்த்தி வைத்துவிட்டார். வந்தவர் எட்டிப் பார்க்காதபடி மறித்து நிற்பது அப்பாவின் வேலை. என் வேலை சும்மா இருப்பது.

"ஏ புள்ள, வாயத் தொறந்தேன்னா ஒனக்குச் சித்தி கெடையாது, பாத்துக்க" என்று சித்தப்பா மிரட்டியிருந்தார்.

எனக்குச் சித்தி வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அம்புட்டுத்தானேங்க, செத்த நேரம்" என்று சித்தப்பா கிணற்றடிக்கு ஓடினார். அப்பா குறுக்கே நின்று மழையைப் பற்றிப் பேசினார். உருளை கிறீச்சிட, குடம் மேலே வந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா உடனே குடத்தை வாங்கவில்லை. அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். நுனி கருகி நின்ற எங்கள் தென்னைகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சித்தப்பாவை.

"ஏந்தம்பி, எம்புள்ள வந்தாலும் தெனமும் இப்புடிக் கொண்டாந்து குடுப்பீங்களா?"

"நான் இருக்கமட்டும் கொண்டாருவேங்க. அவுக இந்தக் கெணத்துப் பக்கமே வர வேணாம்" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

கிணற்றுக்குள் முங்கி வந்த கயிறு காய்ந்திருக்காது என்பது அன்று எனக்கு எட்டவில்லை. மனுஷர் நன்றாக ஏமாந்தார் என்றே நினைத்து, அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அவரோ குடத்தை இரு கையாலும் தூக்கி, தொண்டைக்குழி ஏறி இறங்க மடக்மடக்கென்று குடித்தார். மீசையைத் துடைத்தார். "இலையப் போடுங்கம்மிணி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.