புல்லருக்கு மலிவாகப் போகும் வழி

"பதினோரு பேர், குழந்தைங்களையும் சேர்த்து. திங்கக்கிழமை. கடைசி வரிசை, கக்கூஸ் பக்கம்னாலும் சரி, மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்துக்குறோம். அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க, அதைச் சொல்லுங்க கண்ணு."

நோலீன் ஹார்ட்டிகன் பள்ளிக்கூட வேலியில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை அவள் அக்குளில் இருந்தது. மணி ஒன்பது ஐந்து. கடைசிப் பிள்ளை வாசலுக்குள் நுழையும்வரை அவள் கைப்பேசியைத் தொடமாட்டாள். நுழைந்த மறுநிமிடம் எடுத்துவிடுவாள். ஜூனில் குளிர்காலம் பிறந்துவிட்டால் மறுமுனையில் இருப்பது அநேகமாக ஏதாவது ஒரு பேருந்துக்காரராகத்தான் இருக்கும்.

மெல்பர்னின் வடக்கே ரெசவோரில், ஒரே தெருமுனையில், இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைச் சாலை கடக்கவிடுவது அவள் வேலை. வயது அறுபத்து நான்கு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். நடுவில் கிடைக்கும் ஆறு மணி நேரத்தைக் குளிர்காலம் முழுக்க ஒரே ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுகிறாள்: புல்லர் பனிமலைக்குக் காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்ப எது மலிவு?

கேட்டால் நிறுத்தாமல் சொல்வாள். "வாடகை வேனா? அந்த ஒப்பந்தத்துல பதினாலாம் பக்கத்தைப் புரட்டிப் பாரு. பனி ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு எறும்பு சைஸுல போட்டிருப்பான். ரெண்டு காரா? மலை வாசல்ல ரெண்டு தடவை அழணும், பனியில வழுக்காம டயருக்கு மாட்டுற சங்கிலியும் ரெண்டு செட்டு எடுக்கணும். அரசாங்க பஸ்ஸுல போனா நீ போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். பள்ளி விடுமுறையில மட்டும் போயிடாதே. அப்ப அங்க சூடா ஒரு கப் சூப்பு வாங்குற காசுக்கு இங்க ஒரு கோழியே வாங்கலாம்."

ஆகவே அவள் தேர்ந்தெடுப்பது ஆகஸ்டில் வரும் ஒரு திங்கள்கிழமை. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. அந்தத் தேதி பிப்ரவரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். மலையில் கூட்டம் இருக்காது. தெருமுனையில் தினமும் பார்க்கும் அம்மா அப்பாக்களில் யார் முகம் வாடியிருக்கிறதோ, யார் பிள்ளை பனியைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறதோ, அவர்களிடம் போய் மெதுவாகக் கேட்பாள். "ஆகஸ்டுல ஒரு திங்கக்கிழமை லீவு கிடைக்குமா?"

அவளுடைய அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பனிமலையெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பது அவர் முடிவு. பத்தொன்பது வயதில், பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து பிடித்த ஒரு பேருந்தில் அவள் முதன்முதலாக மேலே போனாள். அன்று பனிச்சறுக்கில் பதினேழு தடவை விழுந்தாள். மறுநாள் பெல்ட்டில் வரும் பிஸ்கட்டுகளை எடுக்கத் தோள் உயரவில்லை. மறுவாரமும் போனாள். "பனி சும்மாதான் விழுது. அதுகிட்டப் போறதுக்குத்தான் காசு" என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைப்பதுபோலச் சிரிப்பாள்.

இந்த வருடம், புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்குப் பேருந்துக்காரர் அழைத்தார். ஆள் சேரவில்லை, திங்கள்கிழமை வண்டி எடுக்கவில்லை, பணம் திரும்பி வந்துவிடும் என்று தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர்தான். நோலீன் நன்றி சொல்லி வைத்தாள். இருபத்திரண்டு குளிர்காலத்தில் ஒரு தடவைகூட அவள் சொன்ன நாளில் வண்டி கிளம்பாமல் இருந்ததில்லை.

மூன்றரைக்குப் பள்ளி விட்டது. முதலில் வந்தவன் செமிசி. கிடங்கில் தூக்குவண்டி ஓட்டும் தோங்காத் தீவுக்காரன். அவன் நின்றால் பின்னால் இருக்கும் ஆள் தெரியாது. இரட்டைப் பெண் குழந்தைகள் இரண்டு கையிலும் தொங்கின.

"நோலீன், ரெண்டுக்கும் கையுறை வாங்கிட்டேன். என் சைஸுக்குத்தான் கிடைக்கல. கடைக்காரன் அடுப்புல பாத்திரம் எடுக்குற உறையக் காட்டுறான்."

"அதையே வாங்கிக்கோ. கைக்குச் சூடாத்தான் இருக்கும்."

சிரித்துவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் நாஹ்ரின் வந்தாள். ஈராக்கின் வடக்கு மலைகளிலிருந்து வந்த அசீரியப் பெண். ரொட்டிக் கடையில் வேலை, அதிகம் பேசமாட்டாள். மகள் ஷமிரானை முன்னால் நடக்கவிட்டுவிட்டு, அன்று அவளாகவே நின்றாள்.

"திங்கக்கிழமைக்கு ஆளை மாத்திட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை கூட வேலை பாக்கணும். பரவாயில்ல. பனியைத் தொட்டுப் பதினோரு வருஷமாச்சு, நோலீன்."

வண்டி இல்லை என்று அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாயைத் திறந்த நோலீன், ஒரு கார் வருவதைப் பார்த்துப் பலகையை உயர்த்திக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டாள். கடக்க யாருமே இல்லை. கார்க்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஒன்பது இடத்தில் கேட்டாகிவிட்டது. தேவாலய வண்டி பிரேக் வேலைக்குப் போயிருந்தது. நகராட்சி வண்டியைக் கேட்க மூன்று வாரம் முன்பே எழுதியிருக்கவேண்டும். பத்தாவதாக அவள் நேரே நடந்து போனது ஏரிக்குப் பக்கத்தில், புல்தரையில் பந்து உருட்டும் கழகத்துக்கு. கொட்டகையில் பன்னிரண்டு இருக்கை கொண்ட வெள்ளை வண்டி ஒன்று நிற்பதை அவள் அறிவாள். பன்னிரண்டைத் தாண்டாவிட்டால் சாதாரணக் கார் உரிமமே போதும் என்பதையும் அறிவாள்.

செயலாளர் மெர்வ் எழுபத்தெட்டு வயதுக்காரர். விதிப்புத்தகத்தை மேசையில் சம்மணம் போட்டு உட்காரவைத்ததுபோல வைத்திருப்பார்.

"பஸ்ஸு உறுப்பினருக்கு மட்டும்தாம்மா."

"உறுப்பினர் ஆக என்ன பண்ணணும்?"

"விண்ணப்பப் பாரம் எழுதணும். வருஷத்துக்குப் பத்து டாலர்."

"அஞ்சு பாரம் குடுங்க."

மெர்வ் பாரத்தைக் கொடுக்கவில்லை. "விளையாட்டுக்குன்னாத்தான் வெளியூர் எடுத்துட்டுப் போகலாம். விதி அப்படி."

"பனிச்சறுக்கு என்ன, சமையலா?"

"அதுக்கில்ல. நம்ம விளையாட்டு…"

"நம்ம விளையாட்டுன்னு அதுல போட்டிருக்கான்னு படிங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை படித்தார். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார். "விளையாட்டுன்னுதான் இருக்கு" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல. பிறகு, "வண்டி பழசு, நோலீன். ஏத்தத்துல மூச்சு வாங்கும்."

"எனக்குந்தான் வாங்குது. அதுக்காக நான் ஏறாமயா இருக்கேன்?"

மெர்வ் இரண்டு நிபந்தனை போட்டார். ஈரத் துணியோடு யாரும் இருக்கையில் உட்காரக்கூடாது. அக்டோபரில் புல்தரை திறக்கும் நாளில் புது உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்து ஒரு பந்தாவது உருட்டவேண்டும், ஆள் குறைந்துகொண்டே போகிறது. நோலீன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

திங்கள்கிழமை விடியுமுன் நான்கரைக்குப் பள்ளி வாசலில் பதினோரு பேரும் இருந்தார்கள். செமிசி, நாஹ்ரின், இன்னும் இரண்டு அம்மாக்கள், ஆறு பிள்ளைகள், பழைய துணிக் கடையில் வாங்கிய பாசிப் பச்சை அங்கியில் நோலீன். அவளுடைய சறுக்குக் கட்டைகள் அந்தப் பள்ளி ஆசிரியைகளில் பலரைவிட வயதில் மூத்தவை. செமிசி ஓட்டுநர் இருக்கையில் தன்னை நுழைத்துக்கொண்டதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து பெருமூச்சு விட்டது.

வழியில் மேன்ஸ்ஃபீல்ட் ஊரில், மலையைவிட மலிவான வாடகைக் கடையில், காலணியும் கட்டையும் சங்கிலியும் எடுத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் ஓரங்கட்டிச் சங்கிலி மாட்டவேண்டும். செமிசி விளக்கத்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தபோது நோலீன் சேற்றில் மண்டியிட்டுப் பின்சக்கரம் இரண்டையும் முடித்துவிட்டாள். பக்கத்தில் பளபளப்பான பெரிய காரின் சொந்தக்காரர் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதையும் போய் மாட்டிவிட்டு வந்தாள். "உள்பக்கக் கொக்கியை முதல்ல மாட்டணும் ஐயா. சட்டையை மாட்டிக்கிட்டுத்தானே டை கட்டுறீங்க?"

ஏற்றத்தில் பாதி வழியில் வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. செமிசியின் பிடரி வியர்த்தது.

"நோலீன், இது நின்னுடும்போல இருக்கு."

"நிக்காது. ஹீட்டரைப் போடு, முழுசா போடு. எஞ்சின் சூடு நம்ம பக்கம் வரட்டும். பிள்ளைங்களா, ஜன்னலைத் திறங்க."

ஒரு பக்கம் அனல், இன்னொரு பக்கம் உறைபனிக் காற்று. பிள்ளைகள் கோட்டைக் கழற்றிவிட்டுப் பனியனோடு தலையை வெளியே நீட்டின. நோலீன் செமிசியின் தோளுக்குப் பின்னால் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நின்றால் இழுவை வண்டி வரவேண்டும், பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்தவேண்டும், மெர்வின் முகத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு திருப்பத்துக்குப் பிறகு முள் ஒரு நூல் இறங்கியது. அடுத்த திருப்பத்தில் மரக்கிளைகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. இரட்டையர்களில் ஒன்று, "அப்பா, யாரு இதைக் கொட்டுனா?" என்று கேட்டது.

புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவுக்கு மெல்பர்ன் கடைத்தெருவின் பேரே, பர்க் தெரு. செமிசி அதில் நின்றபடி நகர்ந்தது மொத்தம் மூன்று வினாடி. விழுந்து பனியில் பதிந்த பள்ளத்தில் அவன் பெண்கள் இருவரும் படுத்துப் பார்த்தார்கள், இடம் மிச்சம் இருந்தது. "எனக்குக் கிடங்கே போதும்" என்றான் வானத்தைப் பார்த்தபடி. எழுந்து மறுபடி போனான்.

நாஹ்ரின் கட்டை எடுக்கவில்லை. வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பெரிய அலுமினியத் தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வைத்த கிலேச்சா என்ற பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். மதியம் எல்லோருக்கும் கொடுத்தாள். கடைசி நான்கைந்தை நோலீனின் மடியில் கொட்டிவிட்டு, காலித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல், பிள்ளைகள் பலகைவண்டியில் உட்கார்ந்து சறுக்கும் சரிவுக்கு ஏறினாள். தட்டைப் பனியில் வைத்து, பாவாடையைச் சுருட்டி உட்கார்ந்து, குதிகாலால் ஒரு உந்து உந்தினாள்.

தட்டு சுழன்றுகொண்டே போனது. நாஹ்ரினிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவள் குரல்தான் என்று மகளுக்கே முதலில் புரியவில்லை. எல்லாப் பலகைவண்டிகளையும் தாண்டி, கயிறு கட்டிய எல்லையில் போய் முட்டி, முகமெல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றாள்.

"எங்க ஊர்ல இதைவிடப் பெரிய தட்டு" என்று கீழேயிருந்து கத்தினாள். "நாலு பேர் உக்காருவோம்."

நோலீனுக்குச் சிரிப்பில் கிலேச்சா புரைக்கேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்களைப் பாத்துக்கோ, நான் போயிட்டு வரேன்" என்று செமிசியிடம் சொல்லிவிட்டு கம்பிவடத்தில் தொங்கிப் போகும் இருக்கையில் ஏறி உச்சிக்குப் போனாள்.

அங்கிருந்து அவள் இறங்குவதைப் பார்த்தவர்கள் அழகு என்று சொல்லமாட்டார்கள். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்கும், பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும், இளைஞர்கள் இருபுறமும் சீறிக்கொண்டு முந்துவார்கள். ஆனால் விழமாட்டாள். அகலமாக, நிதானமாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வருவாள். அன்று வெயில் இருந்தது. கீழே பள்ளத்தாக்கு நீலமாக இருந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், திருப்பத்துக்கு ஒரு சொல். மூன்று தடவை ஏறி இறங்கினாள். நான்காவது தடவை ஏறும்போது, மேலே நெருங்கும் தூண்களைப் பார்த்தபடி, கால்கள் இரண்டையும் சிறு பிள்ளைபோல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நாலரைக்குக் கிளம்பினார்கள். மெர்வின் இருக்கைகள்மேல் குப்பைப் பைகளை விரித்து எல்லோரும் சரசரவென்று உட்கார்ந்தார்கள். இறக்கத்தில் வண்டிக்கு ஒரு நோவும் இல்லை. அடிவாரம் வருவதற்குள் பிள்ளைகளில் பாதி தூங்கிவிட்டன. ஷமிரான் தட்டைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

சங்கிலி கழற்றும் இடத்தைத் தாண்டியதும், சாலையோரம் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். மலையில் பனி வாருபவர்போலும், மண்வாரி தோளில் இருந்தது, காலணி நனைந்திருந்தது. ஊழியர் வண்டியைத் தவறவிட்டிருக்கவேண்டும். வண்டியைப் பார்த்ததும் நம்பிக்கையில்லாமல் கட்டைவிரலைப் பாதி உயர்த்தினார்.

செமிசி வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "நோலீன், என்ன பண்ணலாம்?"

நோலீன் தன் பக்கத்து இருக்கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை ஏற்கெனவே மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இருக்கைமேல் புதிய குப்பைப் பை ஒன்றை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.