மகள் வாயெல்லாம் சிவப்பு

என் மகள் மலர் பள்ளியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள் என்றுதான் முதலில் நம்பினேன். தச்சநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் பள்ளி வேனிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் ஒரே சிவப்பு.

“யப்பா, இது வந்து...”

“ஏட்டி, வாயத் தொறக்காத! இருக்க பல்லும் விழுந்துரும்!”

அவளை ஸ்கூட்டரில் ஏற்றி, ஹாரனிலிருந்து விரலை எடுக்காமல் பல் மருத்துவரிடம் பறந்தேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு.

மருத்துவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணாச்சி, இது ரத்தமில்ல, சாயம். பள்ளிக்கூடத்துல பல் முகாம் நடத்தி, மெல்ல ஒரு சாய மாத்திரை குடுத்திருக்காவ. சரியாத் தேய்க்காத எடத்துலதான் இந்த மாத்திரையோட செவப்பு ஒட்டும்.”

“வீட்டுல காட்டிட்டுத் தேய்க்கணும்னு டீச்சர் சொன்னாவ. அப்பா எங்க பேச விட்டாவ?” என்றாள் மலர்.

அசடு வழிய நானும் மருத்துவர் நீட்டிய ஒரு மாத்திரையை மென்றேன். கண்ணாடியில் பார்த்தால் அவளைவிட நான்தான் சிவப்பு!

இப்போது தினமும் இரவில் மகளோடு நின்று பல் தேய்க்கிறேன். அன்று மருத்துவர் அடைத்தது இரண்டு சொத்தைப் பற்கள். இரண்டும் என்னுடையவை.