புகைவீட்டில் தொங்கிய சிவப்புக் கித்தார்

போன வாரம் என் மகள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே துண்டு துண்டாக ஓர் எலெக்ட்ரிக் கித்தார். நாமே சாயம் பூசி, நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். ஈப்போ வீட்டின் கார் கொட்டகையில் அவள் சாயம் அடித்ததும், அதை இளக்கக் கலக்கும் தின்னர் வாசனை கூடம்வரை வந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் கூடவே முனியாண்டியும் வந்துவிடுவான்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவன் அவன். என் அப்பா அங்கே கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் கணக்கர். அதனால் நான் ஈப்போவில் படித்து, எழுபதுகளின் கடைசியில் வாத்தியாராகத் திரும்பினேன். அவன் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டப் போனான். வாய் சும்மா இருக்காது. நான் சைக்கிள் மிதிக்கும் அழகுக்கு மட்டுமே மூன்று பட்டப்பெயர் வைத்திருந்தான். இரவல் கித்தார் மடிக்கு வந்தால்தான் அந்த வாய் மூடும்.

ஈப்போவில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. குழுத் தலைவரிடம் இவனைப் பற்றிப் பீற்றிக்கொண்டது நான்தான். சொந்தக் கித்தாரோடு மாதக் கடைசிச் சனிக்கிழமை வரட்டும், வாசித்துப் பார்க்கிறேன், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்றார். தோட்டத்தை விட்டு வெளியேற முனியாண்டிக்குத் தெரிந்த ஒரே கதவு அது.

வாங்க வழியில்லை, செய்தோம். ஜெலுத்தோங் மரப் பலகையை அவன் அறுத்து உடலாக்கினான். ஈப்போ பழைய சாமான் கடையில் கிடைத்த உடைந்த கித்தாரின் கழுத்தைப் பிசின் வைத்து ஒட்டினான். உப்புத்தாள் போடுவது என் வேலை. சாக்கட்டி தவிர எதையும் பிடிக்காத விரல்கள் இரண்டே நாளில் தோலுரிந்தன. மோட்டார் சைக்கிள் பட்டறையில் மிஞ்சிய சிவப்புச் சாயத்தைப் பட்டறைக்காரச் சீனரே அடித்துக் கொடுத்தார். தின்னர் ஊற்றிக் கலந்தது மட்டும் முனியாண்டி. சில வாரம் தொடாதீர்கள் என்றார் அவர்.

மழைக்காலம் வேறு. சாயம் காயவே இல்லை. காய்ந்துவிட்டதா என்று நான் தினமும் தொட்டுப் பார்த்ததில் என் பெருவிரல் ரேகை அதில் அழகாகப் பதிந்துவிட்டது.

"காயாட்டி சொரண்டிட்டு எடுத்துட்டுப் போறேன் மச்சான். செவப்பு இல்லாட்டி சத்தம் வராதா லா?" என்றான் முனியாண்டி.

எனக்குத்தான் அது மினுங்க வேண்டியிருந்தது. பீற்றிக்கொண்டவன் நான் அல்லவா.

மழை நாளில் எங்கள் தோட்டத்தில் எது காயாவிட்டாலும் போகிற இடம் ஒன்று உண்டு. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகெரித்துப் புகையில் காயவைக்கும் புகைவீடு. பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்திலிருந்து கருவாடுவரை அங்கே காய்ந்திருக்கின்றன. ஒரு மாலை, முனியாண்டியிடம் சொல்லாமல், எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரக் கொடியில் தொங்கிய கித்தாரை எடுத்துப் போனேன். தீ பார்க்கிறவர் தயங்கினார். கிராணி மகனிடம் எப்படி மாட்டேன் என்பார்? ஷீட்டுகளுக்கு நடுவில் மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் சிவப்பு, கடுங்காப்பி நிறமாகியிருந்தது. மேலெல்லாம் கொப்புளம். சூட்டில் பிசின் இளகி, கழுத்தில் விரல் வைக்கும் மேல்பலகை ஒரு முனையில் தூக்கிக்கொண்டிருந்தது. அவன் மரம் வெட்டிவிட்டுத் திரும்புமுன் பழைய கொடியிலேயே மாட்டினேன்.

"தின்னர கூட ஊத்திட்டியா மச்சான்?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

அவன் கித்தாரை முகத்தருகே தூக்கி மெதுவாக முகர்ந்தான். என்னைப் பார்த்தான். பட்டப்பெயர் ஏதும் வரவில்லை.

"ஆமா லா. கூடிப்போச்சு போல."

பிறகு உட்கார்ந்து பூட்டினோம். ஒயர்களைப் பற்றவைத்து, கம்பி மாட்டி, எங்கள் வீட்டு ரேடியோவில் செருகினோம். முதலில் வண்டுபோல ரீங்காரம். அவன் கம்பியில் கை வைத்ததும் அது அடங்கி, பின் வந்த ஒலிக்கு லயத்துத் தொழிலாளர் வீடுகளின் சனம் முழுவதும் வாசலில் கூடிவிட்டது. அன்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது.

சனிக்கிழமை ஈப்போவில் முதல் பாட்டு நன்றாகவே போனது. விரல்கள் கழுத்தில் அந்தத் தூக்கிய முனைக்கு ஏறியதும் சுருதி விலகியது. "நல்லா வாசிக்கிற தம்பி. இதுல சுருதி நிக்கல. வேற ஒண்ணு கெடைச்சா வா," என்றார் தலைவர். இதில் கருவாடு வாட்டினீர்களா என்று தபேலாக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். முனியாண்டிதான் அதிகம் சிரித்தான். வேறொன்று கிடைப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் கேட்டதால் பந்தலில் அதே கித்தாரை வாசித்தான். ஏன் இப்படிக் கொப்புளித்துக் கிடக்கிறது என்று மச்சினன் ஒருவன் கேட்டான்.

"எந் தப்புதான். வாத்தியாரு சொன்னாரு, கேக்காம தின்னர ஊத்திட்டேன்," என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

நாள்தோறும் ஷீட்டுப் புகையைச் சுவாசித்தவனுக்கு அந்த வாசனை தெரியாமலா இருந்திருக்கும்? அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தெலுக் இந்தானில் லாரி ஓட்டினான். அங்கேயே கண்ணை மூடினான். ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வரிசை வீடுகளாகிவிட்டது. புகைவீட்டின் ஒரு செங்கல்கூட இல்லை.

"காஞ்சிருச்சாப்பா?" என்று மகள் கித்தாரை என் முகத்தருகே நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். வெறும் சாயம். இன்னும் ஒரு மாதம் போகட்டும், தொடாதே என்றேன். முனியாண்டி அன்று எதை முகர்ந்தான் என்று அவளிடம் சொல்லலாம்தான். அந்தப் புகையை அவள் எங்கே போய் முகர்வாள்?