நட்சத்திர வீட்டில் திரும்பு

எண்பதுகளில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியேறியபோது எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகள்தான். முனை வீட்டில் ஓர் ஆசிரியத் தம்பதி. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு மாடியில் நட்டிருந்த மூங்கிலில் காகித நட்சத்திரம் கட்டிவிடுவார்கள். ஜனவரியில் நட்சத்திரம் இறங்கிவிடும். மூங்கில் மட்டும் அப்படியே நிற்கும். தபால்காரர் முதல் ஊரிலிருந்து வரும் உறவினர்வரை எல்லோருக்கும் நாங்கள் சொன்ன வழி ஒன்றே: மெயின் ரோட்டில் இறங்கி, நட்சத்திர வீட்டில் திரும்புங்கள்.

அவர்கள் ஓய்வுபெற்று வீட்டை விற்றுப் போனார்கள். அங்கே அடுக்குமாடி எழத் தொடங்கியது. சுற்றியிருந்த காலி மனைகளில் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசும் குடும்பங்கள் வந்தன. விடிந்ததும் ரயிலேறி, இருட்டியபின் திரும்பும் எனக்கு அவர்களில் ஒரு முகமும் பழக்கமில்லை. கணவருக்கு வடக்கே வேலை. வீட்டில் நானும், தாமதமாகப் பிறந்த மகளும்தான்.

அந்த டிசம்பரில் டெலிபோன் கேபிளுக்காகத் தெருவைத் தோண்டியிருந்தார்கள். பள்ளி வேன் வாசலுக்கு வராது. காலையில் அவசரமாக மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, "மெயின் ரோட்டுல இறங்கி நட்சத்திர வீட்டுல திரும்பு. அண்ணாச்சி கடையில சாவி வாங்கிக்கோ" என்றேன். முனை வீடு இடிபட்டது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் அந்த வழிதான் வந்தது.

மாலையில் கடைக்காரர் சாவியை நீட்டினார். "பாப்பா இன்னும் வரலியே அக்கா. உங்க கூட வருதுன்னு நெனச்சேன்."

ஓடினேன். பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவரிடம், பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல் என்று அடையாளம் சொன்னேன்.

"எத்தினியோ கொயந்தைங்க போவுது மேடம். யாரு வூட்டுதுன்னு நமக்கு இன்னா தெரியும்?"

முன்பு அவள் ஐந்து நிமிடம் தாமதித்தாலே முனை வீட்டு டீச்சர் வாசலுக்கு வந்துவிடுவார். இப்போது கதவு கதவாகத் தட்டினேன். ஒரு வீட்டில் சங்கிலியை விலக்காமலே "மாலும் நஹி", தெரியாது என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒருவர் தெலுங்கில் பரிவோடு ஏதோ கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாண்டுகளாகக் குடியிருக்கும் இடத்தில், என் மகளை இன்னாருடைய பிள்ளை என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

அடுத்த தெருவின் மேல் வெளிச்சம் தெரிந்தது. சிவப்பு நட்சத்திரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவுக்குள் ஓடினேன்.

புதிய வீடொன்றின் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மலையாளப் பெண், கையில் பால் தம்ளர்.

"நீ சொன்ன மாதிரிதாம்மா திரும்பினேன். நம்ம வீட்டைக் காணோம்" என்றாள் மகள். அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வெடித்தது.

"மோள் வழி அறியாம நின்னுச்சு சேச்சி," என்றார் அந்தப் பெண். "நாலு வீட்டுல கேட்டேன். ஆர்க்கும் தெரியல. நாங்க வந்து ரெண்டு மாசமே ஆச்சு, எனக்கும் ஆரையும் தெரியாது. அம்மா ஸ்டார் பாத்து வரும்னு மோள் சொல்லிச்சு. அதான் பகல்லயே லைட் போட்டேன்."

மகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சி வீடு எவிட?"

வழி சொல்ல வாயெடுத்தேன். முனை வீடு இல்லை. எதிரே இருந்த வேப்பமரம் இல்லை. ஒரு அடையாளமும் அகப்படாமல் நின்றேன்.

"சிமெண்ட் கலக்குற இடத்துக்குப் பக்கத்துல ஆன்ட்டி" என்றாள் மகள், விசும்பலுக்கு நடுவே.

மறுநாள் லீவு போட்டு, மார்க்கெட்டில் ஒரு நட்சத்திரம் வாங்கி வந்து, பிள்ளையார் படம் பதித்த எங்கள் வாசலுக்கு மேலே கட்டினேன். ஊரிலிருந்து வந்த நாத்தனார், "என்ன அண்ணி, எப்ப மதம் மாறினீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பொங்கல் போய்விட்டது. காகிதம் வெளுத்து, ஒரு முனை கிழிந்துவிட்டது. காலையில் கிளம்பும்போது விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அதை அணைப்பது மகளின் வேலை. மாலையில் தெருமுனை திரும்பும்போது அது எரியாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.