கச்சேரி வாசலுக்குப் பின்னிய தலை

அன்று காலை மகளின் தலையை நான்தான் பின்னினேன். எண்ணெய் வைத்து, இழுத்து இறுக்கி, இடுப்புக்குக் கீழே விழும் ஒற்றைப் பின்னல். சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, வவுனியாவின் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குள் உத்தியோகத்தர் போகாதபடி பெண்கள் நாங்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த நாட்கள் அவை. அடித்தாலும் எழும்பக்கூடாது, திருப்பிக் கையோங்கக்கூடாது. அன்றைக்கு ஆமி வரும் என்று ஊரில் கதை.

எங்கள் வயலில் வேலை செய்த மலைநாட்டுப் பெண்ணும் எங்களோடு வந்தாள். தமிழரை அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவள். தோட்டத்துச் சனங்களின் குடியுரிமையையும் வாக்கையும் அரசாங்கம் அதற்கு முன்பே பறித்திருந்தது.

"கொண்டை போட்டுவிடுங்கம்மா. தோட்டத்துல பொலிஸ் வந்தப்ப முடியத்தான் மொதல்ல புடிச்சாங்க" என்றாள்.

"கலியாணம் கட்டாத பிள்ளைக்குக் கொண்டையோ? வோட்டும் இல்லை, நாடும் இல்லை. நீ எனக்குப் புத்தி சொல்லுறாய்."

"வோட்டு இருந்தா நான் ஏம்மா வெயில்ல வந்து குந்தப்போறேன்?" என்று சிரித்தாள்.

உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லை. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயும் அங்கே வந்து இருப்பா. அவா அந்தத் தலைமயிரைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு லொறிகள் வந்தன. ஒரு சிப்பாய் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். இறுக்கிப் பின்னியிருந்ததால் அது அவிழவில்லை. வாசலிலிருந்து ரோட்டுவரை, கிரவல் கற்கள்மேல், இழுத்துக்கொண்டு போனான். மகள் கட்டிய கையை எடுக்கவில்லை. நான் எழும்பவில்லை. சத்தியாக்கிரக விதிக்காகவா, பயத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மலைநாட்டுப் பெண்தான் தவழ்ந்துபோய் மகள்மேல் குப்புற விழுந்தாள். சிப்பாயின் சப்பாத்துக்கால் அவளுடைய முதுகில் இறங்கும் சத்தம் நான் இருந்த இடத்துக்குக் கேட்டது.

மகளின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு மயிர் போயிருந்தது. பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் பார்க்க வந்தா. மகளின் முன்னாலேயே, "இந்த இடத்தில இனி முளைக்குமோ?" என்று கேட்டா. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மறுநாள் காலை மகள் பழையபடி வெளிக்கிட்டாள். நான் சீப்போடு கிட்டப் போனேன்.

"இண்டைக்குப் போகாத பிள்ளை. போகத்தான் வேணுமெண்டால் கொண்டையாவது போட்டுவிடுறன்."

"தொடாதேங்கோ அம்மா."

வளவு மூலையில் மலைநாட்டுப் பெண் தங்கியிருந்த ஓலைக் கொட்டிலுக்குப் போனாள். உதைபட்ட முதுகோடு அவளால் எழும்ப முடியவில்லை. மகள் பாயருகே அவளுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். அவள் படுத்தபடியே மிச்ச மயிரைக் காயத்தில் படாமல் சேர்த்துக் கொண்டையாக முடிந்தாள்.

"நோவுதா பாப்பா?"

"இல்லை அக்கா."

அதுவரை அவளை எங்கள் வீட்டில் யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

மகள் எனக்காக நிற்கவில்லை. படலையைத் திறந்து கச்சேரிப் பக்கம் நடந்தாள். சீப்பும் கையுமாக நான் பின்னால் ஓடினேன்.