கோடித்துணியில் ஒரு மயில்

மருமகள் கடைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் வாங்கியிருக்கிறாள். படத்தை ஏற்றிவிட்டால் அதுவே தைத்து முடித்துவிடுகிறது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கலாம். போன வாரம் ஒரு வெள்ளைக் காட்டன் கட்டைப் பிரித்தாள். மில் கஞ்சியின் புளித்த வாசனை குப்பென்று வந்தது. "அத்தை, இத அலசிட்டு பூ போடணுமா, அப்டியே போட்லாமா?" என்று கேட்டாள். "அலசிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். மனசு சரியில்லையென்றால் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறவள் நான்.

புதுத்துணி வாசனை வந்தால் எனக்கு சாந்தா அக்கா கடைதான் ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்தது. காலால் மிதிக்கிற மிஷின் இரண்டு, மோட்டார் மிஷின் ஒன்று. மோட்டார் மிஷின் முன்பக்கம் கண்ணாடி ஓரமாக இருக்கும். அதில் உட்காருகிறவளைத் தெருவே பார்க்கும். அதில் அக்கா மட்டும்தான் உட்காருவாள். அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்ததும், "தை பொறந்ததும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்கு இந்த மிஷினு. யாருன்னு வேலையே சொல்லட்டும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ரெண்டு பேர் என்றால் நானும் வள்ளியும். நான் எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வள்ளி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, அக்கா வீட்டுப் பின்கட்டில் தங்கியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குப் பிறகுதான். ஆனால் நான் பென்சிலில் வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து ஒரு மாங்காய் போடுவதற்குள் அவள் வரையாமலே வெறுந்துணியில் கிளி, கொடி, மொட்டு எல்லாம் ஓட்டிவிடுவாள். வாடிக்கைக்காரர்கள் உள்ளே வந்ததும், "அந்த மலப்பொண்ணு இல்லியா?" என்பார்கள். ஒரு வருஷம் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

இன்னொன்று, அவள் எந்தப் புதுத்துணியையும் நனைக்காமல் தொடமாட்டாள். பக்கெட்டில் ஊறப்போட்டு, கஞ்சி போகக் கசக்கி, நிழலில் காயவைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு, அதற்கப்புறம்தான் பூ போடுகிற வளையத்தில் மாட்டுவாள். எனக்கு அது வெட்டி வேலை. கஞ்சித்துணி வளையத்தில் மத்தளம் மாதிரி விறைப்பாக நிற்கும். ஊசி ஓட ஓடப் பூ எழுந்து உட்காரும். நான் அப்படியே போட்டு அவளுக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

"கஞ்சி போனா துணி சுருங்கும்க்கா. நூலு சுருங்காது. ரெண்டும் இழுத்துக்கினு நிக்கும்" என்பாள்.

"நீ பூ போட வந்தியா, துணி தொவைக்க வந்தியா?" என்பேன். சிரித்துக்கொண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஐப்பசிக் கல்யாணத்துக்காக மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கரும்புக்காரர் வீடு. நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர்வரிசையில் வைக்க ஒரு பெட்ஷீட், இரண்டு தலகாணி உறை. ஷீட் நடுவில் சிவப்பு நூலில் மயில். துணியின் மூலையில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தார்கள். "கோடித்துணிம்மா. சபையில வெக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணி காட்டிடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நனைத்த துணி கோடி ஆகாது. அலசிய துணியைச் சீரில் வைத்தால், உடுத்திக் கழித்ததை வைத்த மாதிரி பேசுவார்கள். அக்கா அந்த வேலையை வள்ளியிடம் கொடுத்தாள், அதுவும் மோட்டார் மிஷினில் உட்கார்ந்து போடச் சொல்லி. தலகாணி உறை எனக்கு.

மறுநாள் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் ஒரு வண்டி ஓடவில்லை. எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் ரோட்டில், மீதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புக்காட்டில். வீட்டுக்குள் பெண்கள் கூடிக்கூடிப் பேசினோம். யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, நமக்கு ஏன் இல்லை, படித்த பையன் ஏன் மாடு மேய்க்கிறான். அதில் நியாயம் இருந்தது. ஆனால் என் தலைக்குள் ஓடியது வேறு. அங்கே வள்ளி அந்தக் கண்ணாடி ஓரத்தில், அந்த மிஷினில், தனியாக ஏழு நாள். 'மலைக்காரிக்குன்னா எல்லாம் தானா வருது' என்று, தெருவில் கேட்ட பேச்சையெல்லாம் அவள் ஒருத்தி மேல் திருப்பிக்கொண்டேன். ஊரே போராடிக்கொண்டிருக்க, நான் ஒரு தையல் மிஷினுக்காகப் புழுங்கிக்கொண்டிருந்தேன் என்றால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ரோடு திறந்த அன்றைக்கு முதல் பஸ்ஸில் போனேன். கடை நடுவில் ஷீட்டை விரித்து வைத்திருந்தாள். மயில் கழுத்தைத் திருப்பித் தன் தோகையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. நூல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை தேடி ஓரத்தைப் புரட்டினேன். துணிக்கரையில் இருக்கவேண்டிய மில்லின் நீல முத்திரை வெளிறிப்போயிருந்தது. முகர்ந்தால் சோற்றுக்கஞ்சி வாசனை. நனைத்து, காயவைத்து, வீட்டுக் கஞ்சி போட்டு, மூலையில் மஞ்சளையும் திரும்பத் தடவி வைத்திருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதக்கா" என்றாள் மெதுவாக. "நனைக்காம போட்டா மொத அலசுலயே மயிலு கழுத்து சுளுக்கிக்கும். கல்யாணப் பொண்ணு எத்தினி வருசம் படுக்கிற துணி."

சரி என்று தலையாட்டினேன்.

மூங்கில்துறைப்பட்டு அம்மா அன்று மத்தியானமே வந்தார்கள். மயிலைப் பார்த்து அவர்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "யாரும்மா போட்டது? கைய குடு" என்று வள்ளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா, "இனிமே அந்த மிஷினு அவளுதுதான்" என்றாள். தை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. நான் எழுந்து ஷீட்டை மடித்துக் கொடுக்கிற சாக்கில் கரையை மேலே வைத்து மடித்தேன்.

"முத்திரை இருக்கான்னு ஒருக்கா பாத்துக்குங்கம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மா பார்த்தார்கள், முகர்ந்தார்கள், ஷீட்டை மிஷின் மேலேயே வைத்துவிட்டார்கள். "நனைச்ச துணிய சபையில வெக்கச் சொல்றியாம்மா? எங்க வூட்டு மானம் இன்னா ஆவறது?" சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். அக்கா மன்னிப்புக் கேட்டு, தன் செலவில் வேறு கோடி எடுத்து, என்னிடம் கொடுத்தாள். அந்த மோட்டார் மிஷினில் உட்கார்ந்து நான்தான் போட்டேன். அக்கா திட்டியபோது வள்ளி என்னை ஒரு தடவை பார்த்தாள். சாயந்திரம் மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி ஒரேயடியாகப் போய்விட்டாள். நான் தலையைத் தூக்காமல் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

என் மயிலைச் சபையில் எல்லோரும் மெச்சினார்களாம். மாசி மாதம் அந்த அம்மா ஷீட்டைக் கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். ஒரே அலசு. கழுத்து சுருண்டு, தோகை மடங்கி, கோழி மாதிரி நின்றது. "சரிபண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்தப் பொண்ணு போட்டது இருக்கா?" என்றார்கள்.

இல்லை என்று சொன்னேன். இருந்தது. அக்கா கழித்துப்போட்டதை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து என் பெட்டியில் வைத்திருந்தேன். கல்யாணமான பிறகு அதில்தான் படுத்தேன், அதன்மேல்தான் பிள்ளை பிறந்தது. எத்தனை வருஷத் துவையல். துணி நைந்து கண்ணாடி மாதிரி ஆனது, மயில் அசையவில்லை. வந்தவர்கள் எல்லாம், "யாரு போட்டது?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பேன். முதல் தடவைதான் கஷ்டமாக இருந்தது.

சாந்தா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சீர்த்தட்டில் இப்போது பிளாஸ்டிக் உறையோடு வாங்கி வைக்கிறார்கள், யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. போன வருஷம் ஷீட் கிழிந்ததும், மருமகள் மயிலை மட்டும் வெட்டியெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடை வாசலில் மாட்டிவிட்டாள். கீழே என் பெயர். உள்ளே வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

அந்தப் பெயரை எடுத்துவிட்டு வள்ளி பெயரைப் போடச் சொல்லலாம் என்று ஒரு நாள் வாயெடுத்தேன். எந்த ஊர், யார் மகள் என்று மருமகள் கேட்பாளே என்று யோசித்தேன். ஒரு வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றிருக்கிறோம். மலை என்பதற்கு மேல் நான் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை.