விசாலம் டீச்சரும் நிறம் தொடுகிற ஆட்டமும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தபோது பெரிய வாத்தியார் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எப்போதும் உள்ளே வந்து ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுப் போகிறவர், அன்று வாசலோடு நின்றதே எனக்குச் சரியாகப் படவில்லை. "சொர்ணம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்துச்சு. விசாலம் காலையில போயிருச்சாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, "அடுத்த வாரம் வந்துருவேன் அக்கா. அதுக்குள்ள எம்புள்ளைகளையும் வாய்ப்பாடு கத்த விட்றாதீக" என்று கேலி பேசினாளே! அப்படிப் பேசிவிட்டு ஒருத்தி போகலாமா?

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், நாக்கு எழவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். வைகை வடகரையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும், பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கும் விசாலம் டீச்சரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரிச்சுவடி வகுப்பில் பத்தொன்பது வருஷம் இருந்தாள். தெருவில் அவளைப் பார்த்தால் உங்கள் பிள்ளைகள் உங்கள் கையை உதறிவிட்டு ஓடியிருக்கும். அந்த வகுப்பை இனி என்ன செய்வது என்ற பேச்சு அவள் போன மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னைவிட எட்டு வயது சின்னவள். பதினாறில் கல்யாணம், பதினேழில் புருஷனைப் பறிகொடுத்தாயிற்று. அண்ணன் வீட்டு அடுப்படியில் நாலைந்து வருஷம் வெந்துவிட்டு, அந்த அண்ணனிடமே மல்லுக்கு நின்று டிரெயினிங் முடித்து வந்திருந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. என் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் குடிவைத்தேன். "இந்த வேலை போச்சுன்னா திரும்பவும் அந்த அடுப்படிதான் அக்கா" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். புலம்பலாக இல்லை, வழி சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

வந்த வேகத்தில் அவள் செய்த காரியம் எனக்குப் பிடிக்கவே இல்லை. சிலேட்டை எல்லாம் மூலையில் அடுக்கிவிட்டு நாற்பது பிள்ளைகளையும் வெளியே விட்டுவிட்டாள். "சிவப்பு!" என்று கத்துவாள். உடனே எல்லாம் ஓடிப்போய்ச் சிவப்பாக எது இருக்கிறதோ அதைத் தொடவேண்டும். பாவாடை, ரிப்பன், ஓடு, செம்பருத்திப் பூ, எதுவானாலும் சரி. "பச்சை!" என்றால் பச்சை. இது என்ன நிறம் என்று ஒரு பிள்ளையிடமும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே, பக்கத்து வகுப்பில் நான் பாடம் நடத்த வேண்டாமா என்று சண்டைக்குப் போனேன். "பேரு சொல்லத் தெரியாத புள்ளைக்கும் தொடத் தெரியும் அக்கா. முதல்ல தொடட்டும். பேரு பின்னால வரும்" என்றாள். பின்னாலதானே, வரும்போது சொல்லி அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தது. ஒரு மாதத்தில் அந்த வாண்டுகள் கிளிப்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் தெருவில் நின்று தகராறு செய்தன.

கடைசி ஆட்டத்துக்கு எப்போதும் "வெள்ளை!" என்பாள். அவ்வளவுதான், நாற்பதும் அவள்மேல் வந்து விழும். சேலையைப் பிடிப்பதும், கழுத்தைக் கட்டுவதும், தடுமாறி அவள் மண்ணில் உட்காருவதும், ஒரே கூச்சலாக இருக்கும். விசேஷ வீட்டில் எதிரே வந்துவிடக் கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த அதே வெள்ளைச் சேலைதான். அதைத் தொடுவதற்கு அங்கே போட்டி நடந்தது. எனக்கு அது புரிவதற்கு வெகுநாள் ஆயிற்று.

போலீஸ்காரர் கதையைச் சொல்லாமல் விட்டால் என்னை மன்னிக்கமாட்டீர்கள். கள்ளுக்கடை மறியலும் ஊர்வலமுமாக ஊர் சூடாக இருந்த சமயம். ஒருநாள் இவள் "சிவப்பு!" என்று கத்தவும், தெருவில் ஒரு கான்ஸ்டபிள் சிவப்புத் தலைப்பாகையோடு வரவும் சரியாக இருந்தது. கதவு வேறு திறந்து கிடந்தது. நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டு மனுஷன் தடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். "ஏய்! ஏய்! யாரு ஏவிவிட்டது?" என்று அதட்டல் வேறு. விசாலம் மூச்சிரைக்க ஓடினாள். "நாந்தேன் ஏவிவிட்டேன் அண்ணே. செவப்புக்கு இந்தப் பக்கம் வேற ஆள் இல்ல. கொஞ்சம் குனிஞ்சு குடுங்க, தொட்டுட்டு வந்துருவாக" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். நாற்பதும் வரிசையாகத் தொட்டுவிட்டு வந்தன. பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. அவள் வந்த இரண்டாம் வருஷம் நடந்தது. எனக்கும் அதில் பங்கு உண்டு.

ஒருநாள் மத்தியானம் அகலமான மண்தட்டில் மஞ்சள் கரைத்துவைத்துக்கொண்டு, "அக்கா, உங்க சுண்ணாம்பைக் கொஞ்சம் குடுங்க" என்று வந்தாள். நான் சோழவந்தானில் பிறந்தவள், வெற்றிலை இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. கொடுத்துவிட்டு, என்ன கூத்து நடக்கிறது என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை துளிச் சுண்ணாம்பு போட்டதும் மஞ்சள் தண்ணீர் சிவந்துபோயிற்று. ஓ என்று ஒரு சத்தம். அடுத்த பிள்ளை புளித்தண்ணீர் ஊற்றியதும் மறுபடியும் மஞ்சள். பிள்ளைகளுக்குக் கண் பிதுங்கிவிட்டது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று தட்டைச் சிவக்கச் செய்துகொண்டே இருந்தன.

அந்த வகுப்பில் வள்ளி என்று ஐந்து வயதுப் பெண். அப்பன் சாயப்பட்டறையில் நூல் முக்குகிறவன். அவள் வீட்டில் தம்பி பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சிவந்த தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்கு வீட்டில் சுற்றிய ஆரத்தி ஞாபகம் வந்திருக்கவேண்டும். தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். தரையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு முன்னால், பெரிய மனுஷி மாதிரி மூன்று சுற்றுச் சுற்றினாள். பாதித் தண்ணீர் வெள்ளைச் சேலையில் கொட்டிவிட்டது. பிறகு விரலைத் தோய்த்து டீச்சர் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டும் வைத்துவிட்டாள். வகுப்பே கை தட்டியது.

யாரும் பார்த்துவிட்டார்களா என்று நான் வாசலைப் பார்த்தேன். விசாலம், "நல்லா சுத்துன தாயி" என்று வள்ளியின் கன்னத்தைத் தட்டினாள். பொட்டை அழிக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் அழித்தால் அது செய்தது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? மணி அடித்தபின் கழுவிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மணி அடிப்பதற்குள், பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு தாய் வாசலிலிருந்து பார்த்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தாலி அறுத்தவள் பொட்டு வைத்துக்கொண்டாள், பிள்ளைகளை வைத்து ஆரத்தி எடுத்துக்கொண்டாள் என்று ஆளுக்கொன்று கட்டிவிட்டார்கள். மறுநாள் அவள் வகுப்புக்கு வந்தது ஏழே பிள்ளைகள். பத்து மணிக்குத் தாய்மார்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். முன்னால் நின்று சத்தம் போட்டவள் வள்ளியின் அம்மா பேச்சியம்மாள்தான். இடுப்பில் கைக்குழந்தை, சேலையைப் பிடித்துக்கொண்டு வள்ளி. "ரெண்டைப் பறிகுடுத்துட்டு இதைப் பெத்து வச்சிருக்கேன். இவுக ஆரத்தி கலக்குன தண்ணியத் தொட்டுட்டு வந்து எம்மக தம்பியத் தூக்குனா எங்களுக்கு ஆகுமாய்யா? நீங்களே சொல்லுங்க" என்று பெரிய வாத்தியாரிடம் அழுதாள். அவள் நினைப்பு சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பயம் நடிப்பு இல்லை.

பெரிய வாத்தியார் விசாலத்தைக் கூப்பிட்டார். "விளையாட்டுக்கு நடந்திருக்கும், எனக்குத் தெரியும். எந்தப் புள்ள வச்சுச்சுன்னு மட்டும் சொல்லிரு, நான் பேசி அனுப்பிச்சிர்றேன்" என்றார். தப்பிக்க நல்ல வழிதான். ஆனால் வள்ளி என்று சொன்னால் அந்தப் பிள்ளை முதுகு என்னவாகும்? தம்பி பக்கத்தில் அவளை அண்டவிடுவார்களா? நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இவள் தலையில்தானே விழும்?

விசாலம் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "நானேதான் வச்சுக்கிட்டேன்."

"அடி ஆத்தி!" என்று கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய வாத்தியார் முகம் செத்துவிட்டது. இதைக் கேட்டால் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மானேஜர் ஒருநாள்கூட அவளை வைத்திருக்கமாட்டார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நடந்ததைக் கண்ணால் பார்த்த பெரிய ஆள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்திருக்கவேண்டும். சுண்ணாம்பு யாருடையது என்று கேட்பார்களே என்று பயந்தேன். என் வேலையும் எனக்குப் பெரிதாக இருந்தது. சும்மா நின்றேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இல்ல, நாந்தேன் வச்சேன்" என்று ஒரு குரல் கேட்டது. வள்ளி.

"ஏ, சும்மா இருடி!" என்றாள் பேச்சியம்மாள்.

"நாந்தேன். டீச்சர் செவப்பத் தொடுன்னு சொல்லும்ல? எல்லார்கிட்டயும் செவப்பு இருக்கு. டீச்சர்கிட்ட மட்டும் இல்ல. வெள்ளைக்கு மட்டுந்தேன் தொட முடியுது. அதேன் வச்சேன்."

பேச்சியம்மாள் கையை ஓங்கிவிட்டாள். விசாலம் குறுக்கே போனாள், அடி அவள் தோளில் விழுந்தது. "அடிக்காதீகம்மா. புள்ள நெசத்தைச் சொல்லியிருக்கு. நெசத்துக்கு அடி விழுந்தா அடுத்தவாட்டி சொல்லாது" என்றாள். இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டது. அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி பேச்சியம்மாளும் அழுதாள். பெரிய வாத்தியார் சமயம் தெரிந்தவர், "வகுப்புக்கு நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார். மானேஜர் காதுக்கு அது போனபோது, ஒரு பிள்ளையின் விளையாட்டு என்ற அளவில்தான் போயிற்று.

மறுநாள் காலை வள்ளியைக் கூட்டிக்கொண்டு பேச்சியம்மாளே வந்தாள். விசாலத்திடம் பேசவில்லை. என்னிடம் வந்து, "மஞ்சத்தண்ணி மட்டும் வேணாம்னு சொல்லுங்க டீச்சரம்மா. மத்தபடி ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பிள்ளையே வந்துவிட்டது என்றதும் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு பிள்ளைகள் கடைசிவரை வரவில்லை. அந்த இரண்டு பேரையும் விசாலம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மஞ்சளை அவள் தொடவில்லை. அடுத்த தைப்பொங்கல் கழிந்ததும் ஒரு மஞ்சள் கிழங்கை வள்ளி கையில் கொடுத்தனுப்பியதும் பேச்சியம்மாள்தான்.

நான் விசாலத்திடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க ஒரு வாரம் ஆயிற்று என்பது வேறு விஷயம். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அஞ்சு வயசுப் புள்ள அம்புட்டுப் பேருக்கு நடுவுல வாயைத் தொறந்துச்சே அக்கா! நான் நடத்துறது உருப்படியான வகுப்புத்தேன்னு அன்னைக்குத்தேன் எனக்கே தெரிஞ்சுச்சு" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

யுத்தகாலத்தில் கலர் சாக்பீஸ் கிடைக்கவில்லை. சீமைச் சாயம் வராமல் பட்டறைகளில் பாதி மூடிக் கிடந்தன, வள்ளியின் அப்பனுக்கும் வேலை இல்லை. அப்போதும் விசாலத்தின் ஆட்டம் நிற்கவில்லை. செங்கல்பொடி, அடுப்புக்கரி, ஆவாரம்பூ, ஆற்றங்கரைப் புல் என்று பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வந்தன. "கடையில வாங்குனா ஒரு செவப்புத்தேன் அக்கா. இதுக பொறுக்கிட்டு வர்றதுல எத்தனை செவப்பு பாருங்க" என்று தட்டைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். வள்ளிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தது அரிச்சுவடி வகுப்பில்தான் இருக்கிறது.

அந்த வகுப்பைத்தான் மானேஜர் ஒன்றாம் வகுப்போடு சேர்த்துவிடச் சொன்னார். "ஓடினது போதும், இனி சிலேட்டோட உட்கார்ந்து எழுதட்டும்" என்றார். ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பெரிய வாத்தியார் தரையைப் பார்த்தார். நான் எழுந்தேன். சொன்னேன்: "அந்த வகுப்பு எனக்கு வேணும். அவ நடத்துனபடிதான் நடத்துவேன்." உனக்கு ஐம்பது வயசாகப்போகிறது, முழங்கால் வலிக்காரி, ஓடமுடியுமா என்று மானேஜர் சிரித்தார். முழங்கால் என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

விசாலத்தினுடையது என்று எடுத்துவைத்துக்கொள்ள என்னிடம் ஒரு படம்கூட இல்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், "பச்சை!" என்றேன். ஒன்றுகூட அசையவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர், பிரம்பு டீச்சர் என்று பயத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோடியில் இருந்த வேப்பங்கன்றை நோக்கி முதலில் ஓடினேன். பாதி தூரம் போனபிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் அவர்கள் போய்த் தொட்டார்கள்.